தாத்தாவோட பிடில் ரெண்டு கோடியா? பாகம் பிரிக்கிறதுக்கு முன்னாடி அதோட வயசைப் பாருங்க!



வழக்கமா இங்க எஸ்ஐபி, டெர்ம் இன்ஷூரன்ஸ், ஐடிஆர்னுதான் பேசுவோம். இன்னைக்கு ஒரு பிடில் பத்திப் பேசப் போறோம். இது எங்க வீட்டுக் கதை. அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுது ஆத்தா, நாலு பேருக்கு உதவும்"னு சொல்லிட்டாங்க. சித்தப்பாகிட்டயும் கேட்டேன். அவர் "என் பேரைப் போடாத"ன்னு மட்டும் சொன்னார். போடலை சித்தப்பா!

கதை இதுதான்

சொந்த ஊர் கீரனூர். திருச்சி – புதுக்கோட்டை ரோட்ல போறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். போன வருஷம் தாத்தா தவறிட்டார். உயில் எழுதலை. பாட்டி முன்னாடியே போயிட்டாங்க. பிள்ளைங்க நாலு பேர்: பெரியப்பா, எங்கப்பா, சித்தப்பா, அத்தை. சொத்துன்னு பார்த்தா ஒரு பழைய ஓட்டு வீடு, மெயின் ரோடு பக்கம் ஒரு மனை, கொஞ்சம் பேங்க் டெபாசிட். எல்லாமே தாத்தா சம்பாதிச்சது. மொத்தமா கணக்குப் போட்டா சுமார் 72 லட்சம். நாலா பிரிச்சா ஆளுக்கு 18 லட்சம்.

இதுபோக பரண்ல ஒரு கறுப்புப் பெட்டி. அதுக்குள்ள ஒரு பிடில். கொள்ளுத்தாத்தா வாசிச்சது, அப்புறம் தாத்தா வாசிச்சது. பிள்ளைங்கள்ல அத்தை மட்டும்தான் கத்துக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அவங்களும் விட்டுட்டாங்க. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் பெட்டி கீழே இறங்கும், பொட்டு வைப்போம், திரும்ப மேலே ஏறிடும்.

பாகம் பேசுற நேரத்துல சித்தப்பா பெட்டியைத் திறந்து, மேல் பலகையில எஃப் மாதிரி வெட்டியிருக்கிற ஓட்டை வழியா உள்ளே எட்டிப் பார்த்திருக்கார். மஞ்சளான ஒரு காகித லேபிள். "ஆன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ் க்ரெமோனென்சிஸ் ஃபாசியேபட் ஆனோ 1721". லத்தீன். க்ரெமோனா ஊர் ஆன்டோனியோ ஸ்ட்ராடிவாரி 1721-ல் செய்ததுன்னு அர்த்தம்.

யூடியூப்ல தேடினா முதல்ல வந்தது 'லேடி பிளண்ட்'. ஸ்ட்ராடிவாரி 1721-ல் செஞ்ச வயலின். 2011 ஜூன்ல, ஜப்பான் பூகம்ப நிவாரணத்துக்காக ஏலம் விட்டாங்க. போன விலை 1.59 கோடி டாலர். அதே 1721! சித்தப்பாவுக்கு அன்னைக்குத் தூக்கம் வரலை.

குடும்பக் கூட்டத்துல அவர் சொன்ன யோசனை இது: "நம்ம பிடில் பழுது. அந்த விலை போகாது. குறைச்சு வச்சாலும் ரெண்டு கோடி. வாசிக்கத் தெரிஞ்சது தங்கச்சி ஒருத்திதான், அவளே எடுத்துக்கட்டும். வீடும் மனையும் எங்க மூணு பேருக்கு. அவளுக்குத்தான் அதிகம், எங்களுக்கு வருத்தமில்லை."

அத்தைக்கும் சந்தோஷம்தான். ரெண்டு கோடிக்காக இல்லை. அப்பா வாசிச்ச பிடில் தன்கிட்ட வருதேன்னு. பத்திர எழுத்தர்கிட்ட விடுதலைப் பத்திரம் டிராஃப்ட் ரெடி. "சும்மா ஒரு தடவை பார்த்துடு"ன்னு அப்பா எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினார்.

பார்த்ததும் எனக்கு வயித்துல புளி கரைச்சது. அத்தை விட்டுக் கொடுக்கிறது 18 லட்சம் பெறுமான உரிமை. வாங்குறது யாரும் மதிப்புப் போடாத ஒரு பிடில். இதுல லாபம் அடையிற மூணு பேர்ல ஒருத்தர் எங்கப்பா.

"அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்கலாம்ல?"

அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். பதில்: அவ்வளவு சுலபம் இல்லை.

1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 20. ரெண்டு பக்கமும் ஒரு முக்கியமான உண்மையைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு ஒப்பந்தம் போட்டா அது செல்லாது. நல்ல விஷயம். ஆனா அதே பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கு: ஒரு பொருளோட *மதிப்பு* பத்தி தப்பா நினைச்சா, அது உண்மையைப் பத்தின தவறு ஆகாது. "ரெண்டு கோடின்னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டேன்"னு மட்டும் சொல்லிட்டு அத்தை திரும்பி வர முடியாது. ஏமாத்தினாங்கன்னு நிரூபிச்சா கதை வேற. ஆனா சித்தப்பா ஏமாத்தலையே, அவரும் அதை நம்பினார். அதுவும் இல்லாம, கூடப் பிறந்த அண்ணன் மேல கேஸ் போடுற குணம் அத்தைக்குக் கிடையாது.

இன்னொண்ணு. தாத்தா சுயமா சம்பாதிச்ச சொத்து, உயில் இல்லை. அப்போ இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இது 2005 திருத்தத்துக்கு முன்னாடியே இருக்கிற விதி. அத்தைக்கு யாரும் "கொடுக்க" வேண்டியதில்லை, அது அவங்களோடது. பிடில்லயும் அவங்களுக்கு கால் பங்கு உண்டு.

அதனால நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "பத்திரத்தை ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க. முதல்ல பிடிலுக்கு என்ன வயசுன்னு பார்ப்போம்."

பிடில் நம்ம ஊருக்கு எப்ப வந்துச்சு?

வயலின் நம்ம கச்சேரி மேடைக்கு வந்தது பதினெட்டாம் நூற்றாண்டு முடியிற நேரத்துல. முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மெட்ராஸ் பக்கத்துல மணலியில குடும்பம் இருந்தப்போ ஐரோப்பியர் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டார். பின்னாடி தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலுவும் வயலினைக் கர்நாடக இசையில பரப்பினார்.

இந்த வடிவேலுவோட கதை நமக்கு முக்கியம். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள், 1834-ல் இவருக்கு யானைத் தந்தத்துல செஞ்ச ஒரு வயலினைப் பரிசாக் கொடுத்தார். தஞ்சாவூர்ல அவரோட வம்சத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாப் பாதுகாத்து வந்தாங்க. பரம்பரையா வந்த பழைய தந்தி வாத்தியம்னா தமிழ்நாட்டுல இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அதை யாரும் சந்தேகப்படுறதில்லை, ஏன்? யார் கொடுத்தது, யாருக்கு, எந்த வருஷம், அப்புறம் யார் கையில இருந்துச்சு, எல்லாத்துக்கும் பதில் இருக்கு. ஆடிட்ல நாங்க இதைத்தான் தேடுவோம். பொருள் மேல என்ன எழுதியிருக்குங்கிறது அதுக்கு அப்புறம்தான்.

லேபிள்ல ஸ்ட்ராடிவேரியஸ்னு இருக்கே?

ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்தார். வாழ்நாள்ல சுமார் 1,100 வாத்தியம் செஞ்சிருப்பார்னு கணக்கு. இன்னைக்கு மிச்சம் இருக்கிறது சுமார் 650. அதுல வயலின் 500 பக்கம். முக்கியமான எல்லாமே நிபுணர்களுக்குத் தெரியும், பலதுக்கு லேடி பிளண்ட் மாதிரி தனிப் பேரே உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுல ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துல 'மெசையா'ன்னு ஒண்ணு இருக்கு. அதோட வயசு மேலயே சந்தேகம் கிளம்பி, மேல் பலகை மரத்தோட வளையங்களை எண்ணிப் பார்த்தாங்க. கடைசி வளையம் 1680-கள்ல வளர்ந்தது. 1716-ல் செஞ்சதுங்கிற கணக்கோட அது ஒத்துப் போச்சு.

அப்போ உலகம் முழுக்க வீட்டு வீட்டுக்கு ஸ்ட்ராடிவேரியஸ் லேபிள் எப்படி வந்துச்சு? பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஜெர்மனியில மார்க்நொய்கிர்ஷன், மிட்டன்வால்ட், பிரான்ஸ்ல மீர்கூர், பொஹீமியாவுல ஷோன்பாக் மாதிரி ஊர்கள்ல வயலின் குடிசைத் தொழிலா மாறிடுச்சு. ஒரு வீட்ல கழுத்து, ஒரு வீட்ல பலகை, இன்னொரு வீட்ல வார்னிஷ். டஜன் கணக்குல ஏத்துமதி. "இது ஸ்ட்ராடிவாரி மாடல், இது அமாட்டி மாடல்"னு காட்ட அந்த லேபிளை ஒட்டினாங்க. வாங்குற கடைக்காரருக்கும் அது தெரியும். நம்ம ஊர்ல "காஞ்சிபுரம் டிசைன்"னு சொல்லிப் பவர்லூம் புடவை விக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. ரெண்டு தலைமுறை தாண்டி, வாங்கினவர் போயிட்ட பிறகு, "டிசைன்"ங்கிற வார்த்தை மட்டும் மறந்து போகுது.

வயசைக் கண்டுபிடிக்க நாங்க பார்த்தது

திருச்சியில வாத்தியம் பழுது பார்க்கிற ஒரு பெரியவர்கிட்ட அத்தையும் நானும் பிடிலைக் கொண்டு போனோம். அவர் பிடிலை வாங்குறவரும் இல்லை, விக்கிறவரும் இல்லை. அதுக்காகத்தான் அவர்கிட்ட போனது. அவர் பார்த்த வரிசை:

1. மரம். மேல் பலகை ஸ்ப்ரூஸ், பின் பலகை மேப்பிள். ரெண்டும் ஐரோப்பா மரம். நம்ம வீணைக்குப் பலா. அதனால உள்ளூர்ல செஞ்சது இல்லைன்னு முதல் முடிவு.

2. உள் வேலை. ஓட்டை வழியா சின்னக் கண்ணாடியை விட்டு டார்ச் அடிச்சார். பிடிலோட நாலு மூலையிலயும் உள்ளே மரக்கட்டை வச்சு ஒட்டியிருக்கணும். இதுல இல்லை. மேல் பலகைக்கு அடியில நீளமா ஒரு கட்டை தனியாச் செஞ்சு ஒட்டுவாங்க. இதுல அதைப் பலகையிலேயே செதுக்கி விட்டிருக்காங்க. ரெண்டுமே வேலையைச் சீக்கிரம் முடிக்கச் செஞ்சது. மலிவு ஏத்துமதி பிடிலோட அடையாளம்.

3. தேய்மானம். தலைச் சுருள் ஒரு பக்கம் வார்னிஷ் போய் வழவழன்னு இருந்துச்சு. "கீழே உட்கார்ந்து, கால்ல முட்டுக் கொடுத்து வாசிச்சிருக்காங்க. அதுவும் ரொம்ப வருஷம்"னு சொன்னார். அத்தை அந்த இடத்தைக் கட்டை விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. "அப்பா கணுக்கால்"னு மட்டும் சொன்னாங்க.

4. லேபிள். கடைசியா என் போன் கேமராவை ஓட்டைக்கிட்ட வச்சு லேபிளை ஃபோட்டோ எடுத்தோம். பெரியவர் பிரஷ்ஷால தூசியைத் தள்ளினார். 1721-க்குக் கீழே, பொடி எழுத்துல, ஆங்கிலத்துல இன்னொரு வரி: 'மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா'.

செக்கோஸ்லோவாக்கியாங்கிற நாடு பிறந்ததே 1918-ல் நண்பர்களே!

ஏத்துமதிப் பொருள்ல எந்த நாட்டுல செஞ்சதுன்னு போடுற வழக்கமே பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில சட்டத்தால வந்தது. பிரிட்டன்ல 1887, இந்தியாவுல 1889 வணிகக் குறிச் சட்டங்கள், அமெரிக்காவுல 1890 மெக்கின்லி சட்டம். அதனால ஒரு டிப்: லேபிள்ல ஆங்கிலத்துல நாட்டுப் பேர் இருந்தாலே அது பெரும்பாலும் 1890-க்குப் பிந்தினது. எந்த நாட்டுப் பேர்ங்கிறது வயசை இன்னும் சுருக்கிக் கொடுக்கும்.

ஷோன்பாக் இருந்த சூடட்டன்லாந்து பகுதியை 1938-ல் ஜெர்மனி எடுத்துக்கிச்சு. போர் முடிஞ்சதும் அங்கே இருந்த ஜெர்மன் கைவினைஞர்களை வெளியேத்திட்டாங்க. அதனால இந்த மாதிரி பிடிலுக்கு 1918-லேர்ந்து 1938 வரைங்கிறது நியாயமான காலம்னு பெரியவர் சொன்னார்.

கணக்கு நோட்டு

அந்த 20 வருஷத்தை ஒரே வருஷமாச் சுருக்கினது பெரியப்பா. பிடில் பெட்டி இருந்த அதே பரண்ல ஒரு தகரப் பெட்டி. கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டை சமஸ்தானத்துல கணக்கு எழுதினவர். வீட்டுக் கணக்கையும் விடாம எழுதியிருக்கார். 1937 நோட்டுல, நெல்லு, எண்ணெய், பள்ளிக்கூடச் சம்பளம்னு வரிசையா வந்த பக்கத்துல: "பிடில், பெட்டி, வில் – 35 ரூபாய்".

அந்தக் காலத்துல 35 ரூபாய் சின்னத் தொகை இல்லை. அடுத்த ரெண்டு மாசம் சில செலவு வரிகள் காணாமப் போயிருக்கு. ஆனா அது ஸ்ட்ராடிவாரிக்குக் கொடுக்கிற விலையும் இல்லை. எங்க பிடிலுக்கு இருக்கிற நிஜமான சான்றிதழ் அந்த ஒரு வரிதான்.

பெரியவர் சொன்ன மதிப்பு: பழுதை எல்லாம் சரி பண்ணினா, விரும்பி வாங்குற ஆள் கிடைச்சா, நாப்பதாயிரம். "ஆனா வித்துடாதீங்கம்மா, நாதம் நல்லா இருக்கு"ன்னும் சொன்னார்.

வயசு தெரிஞ்சா சட்டம் தெரியும்

பலர் வயசை விலைக்காக மட்டும் பார்க்கிறாங்க. சட்டத்துக்கும் அது வேணும்.

*100 வருஷம்.* தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972 படி, 100 வருஷத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் கணக்குல வரும். அதை நீங்க வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொண்டு போகவோ கூடாது. மீறினா 6 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் சிறை. "அமெரிக்காவுல இருக்கிற பையன் ஏலத்துல வித்துக் கொடுப்பான்"னு பெட்டியில போட்டு அனுப்புறதுக்கு முன்னாடி, தொல்லியல் துறையில இது தொல்பொருள் இல்லைன்னு சான்று வாங்குங்க. எங்க பிடில் 1937-ல் வாங்கினது, அதுக்கு நோட்டு ஆதாரம் இருக்கு.

*தந்தம்.* பழைய வீணையில, பிடில் வில்லுல வெள்ளையா பதிச்சிருக்கிறது தந்தமா இருக்கலாம், எலும்பா, மான் கொம்பாக்கூட இருக்கலாம். தந்தமா இருந்தா, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விக்க முடியாது. உரிமைச் சான்று உள்ள பொருள் வாரிசா வந்தா, 90 நாளுக்குள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அறிவிக்கணும். அதனால தந்தம் பதிச்ச வாத்தியத்துக்குப் பாகப்பிரிவினையில "விலை" போடவே போடாதீங்க. விக்க முடியாத பொருளுக்கு ஏது சந்தை விலை?

*வருமான வரி.* வாரிசா வந்ததுக்கு வரி இல்லை. எஸ்டேட் டூட்டியை 1985-லயே எடுத்துட்டாங்க. விக்கும்போதுதான் கேள்வி வரும். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற அசையும் பொருள் 'மூலதனச் சொத்து' ஆகாது, அதனால லாபத்துக்கு வரி இல்லை. ஆனா நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு இதுல விதிவிலக்கு, அதுக்கு வரி உண்டு.

"சொந்த உபயோகம்"னா என்ன? 1976-ல் உச்ச நீதிமன்றம் ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்குல, லட்சுமி பூஜையில வைக்கிற தங்க நாணயம், வெள்ளிக் கட்டி எல்லாம் சொந்த உபயோகப் பொருள் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை பொட்டு வைக்கிறது பத்தாது! வீட்ல யாராவது நிஜமா வாசிக்கிற பிடில்னா பலமான வாதம். பரண்ல பூட்டி வச்சு நல்ல விலை வந்ததும் விக்கிறதுன்னா அதிகாரி கேள்வி கேட்கலாம்.

வரி உண்டுன்னு வந்தா: தாத்தா வச்சிருந்த காலமும் உங்க கணக்குல சேரும், அதனால நீண்டகால லாபம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கினதுன்னா அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம். 2024 ஜூலை 23-லேர்ந்து விக்கிறதுக்கு 12.5 சதவீதம், இண்டெக்சேஷன் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ம் வருஷ புதிய வருமான வரிச் சட்டம். பழைய பிரிவு எண்ணை வச்சுத் தேடிக் குழம்பாதீங்க.

உங்க வீட்ல இப்படி ஒண்ணு இருந்தா

- முதல்ல ஃபோட்டோ எடுங்க: முன், பின், தலை, லேபிள், வில். கழுவாதீங்க, பாலிஷ் போடாதீங்க, லேபிளைப் பிய்க்காதீங்க.
- வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, யார் வாங்கினது, யார் வாசிச்சதுன்னு எழுதி வாங்குங்க. பழைய பில், கச்சேரி ஃபோட்டோ, கணக்கு நோட்டு எல்லாம் அதே பெட்டியில இருக்கட்டும்.
- மதிப்புப் போடுறவர் அதையே வாங்குறவரா இருக்கக் கூடாது. மதிப்புல இத்தனை சதவீதம் ஃபீஸ்னு கேட்கிறவரும் வேண்டாம்.
- விலை உறுதி ஆகாத பொருளை நிலத்துக்கு ஈடா வைக்காதீங்க. நிலத்தைச் சமமாப் பிரிச்சுட்டு, அந்தப் பொருளைத் தனியாப் பேசுங்க.
- முடிவு ஆகலைன்னா, "பின்னால வித்தா வர்ற பணம் நாலு பேருக்கும் சமம்"னு குடும்ப உடன்படிக்கையில ஒரு வரி எழுதினாப் போதும்.

கடைசியா என்ன ஆச்சு?

போன்ல எடுத்த லேபிள் ஃபோட்டோவைச் சித்தப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பெரிசு பண்ணிப் பார்த்தார். "நான் கெட்ட எண்ணத்துல சொல்லலை ஆத்தா"ன்னார். தெரியும் சித்தப்பான்னேன். அப்பா ஒண்ணும் பேசலை. மறுநாள் பத்திர எழுத்தருக்கு போன் பண்ணி, பழைய டிராஃப்ட்டைக் கிழிக்கச் சொன்னது அவர்தான்.

வீடு, மனை, டெபாசிட் எல்லாம் நாலு சம பாகம். பிடிலை நாப்பதாயிரம்னு எழுதி, அத்தை மத்த மூணு பேருக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் கொடுக்க வந்தாங்க. பெரியப்பா வாங்க மாட்டேன்னுட்டார். அதைப் பார்த்து மத்த ரெண்டு பேரும் வாங்கலை. அந்தப் பணத்துலதான் பழுது பார்த்து, புதுத் தந்தி மாட்டினது.

அத்தைக்கு இப்போ 61 வயசு. வாரம் ரெண்டு நாள் ஆன்லைன் கிளாஸ், சரளி வரிசையிலேர்ந்து திரும்ப. இனி யாராவது கேட்டா தைரியமாச் சொல்லலாம், சொந்த உபயோகப் பொருள்தான்!

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு? கமெண்ட்ல சொல்லுங்க. ஆனா பத்திரத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சொல்லுங்க.